ராத்திரியில் பழகும் வாத்தியம்

வாத்தியங்களின் கதை – 17

வயலின் படிக்கிறவர் அதைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கலாம். மிருதங்க வித்வான் உறை போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறலாம். குழாய் ஆர்கன் வாசிக்கிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய வாத்தியம் ஒரு கட்டடத்தின் உறுப்பு. கட்டடம் பெரும்பாலும் தேவாலயம். பகலில் அங்கே திருப்பலி, கல்யாணம், அடக்கச் சடங்கு, கேமராவோடு அலையும் சுற்றுலாக் கூட்டம். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்தி, சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறினால்தான் சாதகம். ஆர்கன்காரர்களில் பலர் ராக்கோழிகளாக இருப்பது இதனால்தான்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் பெரிய ஆர்கனை எடுத்துக்கொள்வோம். கைகளுக்கு ஐந்து அடுக்குக் கட்டைகள், கால்களுக்குத் தனியாக ஒரு வரிசை, ஏறத்தாழ 8,000 குழாய்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞர்களின் குழாய்கள் இன்னும் அதற்குள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக்கொண்டு 1868-இல் அதைப் பெரிய வாத்தியமாக்கியவர் அரிஸ்டீட் கவாயே-கோல். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்து விழுந்தபோது, மேற்கு வாசலுக்கு மேலே இருந்த ஆர்கனைத் தீ தொடவில்லை. ஆனால் கூரையில் இருந்த நானூறு டன்னுக்கு மேற்பட்ட ஈயம் உருகி, அதன் தூசு வந்து படிந்துவிட்டது. குழாய்களில் பெரும்பாலானவை ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவைதான் என்பது ஒரு வேடிக்கை. 2020-இல் பெரும்பாலானவற்றைக் கழற்றி இறக்கி, பட்டறைகளுக்கு அனுப்பித் துடைத்து, மறுபடி கொண்டுவந்து மாட்டினார்கள்.

மாட்டினால் வேலை முடிந்துவிடாது. ஒருவர் கீழே கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். இன்னொருவர் குழாய்க் காட்டுக்குள் புகுந்து, ஒவ்வொரு குழாயின் வாயையோ நாக்கையோ மயிரிழை மயிரிழையாகத் திருத்துவார். பக்கத்துக் குழாயோடு ஒத்துப்போகிறதா, அந்தக் கல் மண்டபத்தில் எப்படி விழுகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பகலெல்லாம் தச்சர்களும் கொத்தர்களும் தட்டிக்கொண்டிருந்ததால், பல மாதங்கள் நீண்ட இந்த வேலை இரவில் நடந்தது.

2024 டிசம்பர் 7 அன்று பேராலயம் திறந்தபோது, பேராயர் எட்டு முறை ஆர்கனை விளித்தார். எட்டு முறையும் அது பதில் சொன்னது. வாசித்தவர்கள் ஒலிவியே லாத்ரி உட்பட நான்கு பேர். அவர்கள் முன்னால் எழுதி வைத்த இசை கிடையாது. எட்டுப் பதில்களும் அந்தக் கணத்தின் மனோதர்மம்.

மேற்கத்திய சாஸ்திரிய இசை என்றாலே காகிதத்தைப் பார்த்து வாசிப்பது என்ற எண்ணம் நம் ரசிகர்களுக்கு உண்டு. ஆர்கன் மட்டும் அந்தப் பழைய கற்பனை வழக்கத்தை விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறது. காரணத்தில் தத்துவம் ஒன்றுமில்லை. குருமார் பவனி பீடத்தை அடைய இரண்டு நிமிடமும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். அதுவரை இசை ஓடியாக வேண்டும், பவனி நின்றதும் நாகரிகமாக முடிந்தாக வேண்டும். இந்த அவசியத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய கலையாக்கிவிட்டார்கள். கொடுத்த கருப்பொருளை வைத்து அங்கேயே ஒரு உருப்படியைக் கட்டி எழுப்பத் தெரியாதவர் பாரிஸின் பெரிய மாடங்களில் உட்கார முடியாது.

வாசிப்பில் உள்ள சங்கடம் வேறு வகை. பியானோவில் ஓங்கி அடித்தால் ஓங்கி ஒலிக்கும். ஆர்கன் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் குழாய்க்குள் போகும் காற்று அதேதான். விரல் இருக்கும்வரை சுரம் அப்படியே நிற்கும். எப்போது அழுத்துவது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதுதான் பாடம். ஒரு சுரத்தை அழுத்தம் உள்ளதாகக் காட்ட, அதற்கு முந்தைய சுரத்தைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளி காதை ஏமாற்றும். இதோடு கட்டடமும் சேர்ந்துகொள்ளும். காலியான நோத்ர தாமில் ஒலி அடங்க ஆறு விநாடிக்கு மேல் ஆகும். வீட்டில் துரிதமாக வாசித்துப் பழகியதை அங்கே அப்படியே வாசித்தால் கூழாகிவிடும். எந்த இரண்டு ஆர்கனும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், வெளியூர்க் கச்சேரிக்குப் போகிறவர் எந்தெந்தக் குழாய் வரிசைகளைத் திறப்பது, எவற்றை மூடுவது என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும். இப்போது அந்தத் தேர்வுகளை மின்னணு நினைவகத்தில் பதிந்து வைத்து ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ள முடிகிறது. முன்பு இரு பக்கமும் ஆள் நின்று இழுத்துவிட்டார்கள்.

இந்தக் காலத்து மாணவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. புகழ்பெற்ற ஆர்கன்களின் குழாய்களைச் சுரம் சுரமாக, மண்டபத்தின் எதிரொலியோடு பதிவு செய்து மென்பொருளாக விற்கிறார்கள். படுக்கையறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐரோப்பியப் பேராலயம் ஒன்றை வாசிக்கலாம். கால் பழக இதுபோல் உதவி வேறில்லை. மெல்லிய அடி, கொஞ்சம் குதிகால் உயரமுள்ள செருப்பு போட்டுக்கொண்டு, குனிந்து பார்க்காமல் கட்டை தேடப் பழகுவதற்கே வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த எதிரொலி யாரோ ஒருவர் மைக் வைத்த இடத்தில் கேட்டது. மாடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குழாய்கள் தலைக்கு மேலேயே கத்தும். கீழே கடைசி வரிசையில் என்ன கேட்கிறது என்பதை அவர் ஊகித்து வாசிக்க வேண்டும். இதை மென்பொருள் சொல்லித் தராது என்பது என் எண்ணம்.

ரசிகர் கூட்டமும் மாறி வருகிறது. ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தில் நெஞ்சை அதிரவைத்தது லண்டன் டெம்பிள் சர்ச்சின் ஆர்கன்; வாசித்தவர் ரோஜர் சேயர். அதே ஊரின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அன்னா லேப்வுட் நள்ளிரவுகளில் சாதகம் செய்து, அதை வீடியோவாகப் போட்டு, ஆர்கன் என்றால் என்னவென்றே தெரியாத இளைஞர்களை இழுத்தார். 2022-இல் அப்படியொரு இரவில் அவர் வாசித்தது, அங்கே கச்சேரி நடத்திக்கொண்டிருந்த எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் போனோபோவின் குழுவினர் காதில் விழுந்தது. மறுநாளே அந்த மேடையில் அவர்களோடு சேர்ந்து வாசித்தார்.

கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, பாக்கின் சி மைனர் பாஸகாலியா. முதல் எட்டு ஆவர்த்தனங்களைக் கால்கள் மட்டுமே தனியாக வாசிக்கும். அந்த மெட்டை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் இருபது மாறுபாடுகள் வரும். நடுவே மெட்டு காலைவிட்டு மேலேறி உச்ச ஸ்தாயிக்குப் போய்விடும், தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு, குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஒரு பியூக். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பெரிய ஆர்கன்களில் உள்ள 32 அடிக் குழாயின் அடிச்சுரம் விநாடிக்குப் பதினாறு அதிர்வுதான்; காதைவிட விலா எலும்புதான் அதை நன்றாகக் கேட்கும்.

இந்தக் காற்றையெல்லாம் இப்போது மின்விசிறி தருகிறது. மின்சாரம் வருவதற்கு முன் துருத்தி மிதித்தே இதை ஓட்டியவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)