அடைக்கலம் கேட்ட ஐம்பது பெண்கள்

ஆங்கிலம் நாவில் ஏறுமுன்னரே நம்மவர் நாவில் ஏறிவிட்ட சொல் 'அசைலம்'. அச்சொல் ஆங்கிலத்துக்கும் சொந்தமன்று. கிரேக்கத்திலிருந்து வந்து குடியேறியது. 'சூலொன்' என்றால் பறித்தெடுக்கும் உரிமை. நீதி, அநீதி என்பதுபோல அதன்முன் ஓர் 'அ' சேர, எவரையும் பறித்தெடுக்கலாகாத இடம் என்று பொருளாயிற்று. கோவிற் பலிபீடத்தைப் பற்றிக்கொண்டவரை இழுத்துச் சென்றால் தேவர்க்கரசன் சியூஸ் சினங்கொள்வான் என்பது பண்டைய கிரேக்கரின் நம்பிக்கை. அவர்தம் புராணங்களுக்குள் நாம் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

நைல் நதிக்கரையில் டனவுஸ் என்பவனுக்கு ஐம்பது புதல்வியர். உடன்பிறந்தானின் ஐம்பது மைந்தரும் அவர்களைப் பலவந்தமாக மணக்க முற்பட, தந்தையும் மக்களும் கப்பலேறிக் கிரேக்க நாட்டு ஆர்கொஸ் நகரில் கரையிறங்கினர். ஏதென்ஸ் நகரத்துப் புலவர் ஈஸ்கிலஸ் கி.மு. 460களில் இக்கதையை நாடகமாக்கினார்.

அந்நாடகத்தில் தந்தை புதல்வியர்க்குக் கூறும் புத்திமதியைக் கேளுங்கள். துடுக்காகப் பேசாதீர்கள், பதிலை இழுத்தடிக்காதீர்கள், நீங்கள் அந்நியர், அகதிகள் என்பதை மறவாதீர்கள் என்கிறான். நேர்முகத்துக்கு முன்னர் நம் சட்டத்தரணிகள் சொல்வதும் ஏறக்குறைய இதுதானே! அரசன் பெலாஸ்கஸ் வருகிறான். தம் மூதாதை இயோ இந்நகரத்தவள் என அப்பெண்கள் கூற, அவன் நம்பவில்லை. உங்களைப் பார்த்தால் எகிப்தியர், ஏன், ஒட்டகமேறும் இந்தியப் பெண்கள் போலவும் இருக்கிறதே என்கிறான். பின்னர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, இயோவின் கதையை அவர்கள் வாயாலேயே வருவித்து ஒப்பிட்டுப் பார்க்கிறான். குரொய்டன் அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்க்கு இக்காட்சி புதிதன்று.

ஏற்றால் போர், மறுத்தால் தெய்வக் குற்றம். தனித்து முடிவெடுக்க அஞ்சிய அரசன் மக்கள் சபையைக் கூட்டுகிறான். அனைவரும் வலக்கை உயர்த்துகின்றனர். எவரும் இவர்களைப் பறித்துச் செல்லலாகாது. ஆபத்தில் உதவாத குடிமகன் உரிமையிழந்து நாடுகடத்தப்படுவான் என்பது தீர்மானம். போதாதற்கு வாடகையில்லா வீடும் உண்டு! இலண்டனில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

எல்லோர்க்கும் இப்படி வாய்க்கவில்லை. திரோய் நகர் வீழ்ந்த இரவில் இளவரசி கசான்ட்ரா அதீனா தேவியின் சிலையைக் கட்டிக்கொண்டாள். ஏஜக்ஸ் என்ற கிரேக்க வீரன் அவளைப் பிடித்திழுத்தான். வெகுண்ட தேவி வெற்றியோடு திரும்பிய கிரேக்கரின் கப்பல்களைப் புயலில் சிதறடித்தாள். நம் சிலப்பதிகாரத்தில் அடைக்கலம் பிழைத்தபோது தெய்வம் காத்திருக்கவில்லை. கண்ணகியை ஏற்ற மாதரி தானே தீயில் வீழ்ந்தாள். ஒப்படைத்த கவுந்தியடிகள் உண்ணாதிருந்து உயிர்நீத்தார்.

இத்தகைய காட்சியொன்றைக் கல்லிற் காண விரும்புவோர் பிரித்தானிய நூதனசாலைக்குச் செல்லலாம். கட்டணமில்லை. கிரேக்க நாட்டின் பசே என்னுமிடத்து அப்பலோ கோவிலிலிருந்து பெயர்த்து, 1815இல் அங்கு சேர்க்கப்பட்ட 23 சிற்பப் பலகைகள் 16ஆம் இலக்க அறையில் உள்ளன. அவற்றுள் ஒன்றில், திருமண வீட்டில் மதுவெறி கொண்ட குதிரையுடல் மனிதன் ஒருவன் ஒரு பெண்ணின் ஆடையைப் பற்றி இழுக்கிறான். அவளோ முழந்தாளிட்டுத் தெய்வச் சிலையை இறுக அணைத்திருக்கிறாள். நாம் சென்றபோது அந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றோம்.