ஆயிலை ஆற வைப்பது எப்படி?



சூடான டீ டம்ளரில் இருந்தால் ஆற நேரம் ஆகும். அதையே தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிடும். ஏன் தெரியுமா? காற்று படும் பரப்பு அதிகம். வண்டியில் வைக்கும் ஆயில் கூலரும் இதைத்தான் செய்கிறது.

டர்போ என்றால் என்ன?

நம்ம பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் பிக்கப் வண்டிகள் பலவற்றில் டர்போ இருக்கிறது. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறி, வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவையும் கூடும். சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பதிவு செய்தார்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். புகையின் சூடு 600, 700 டிகிரி செல்சியஸ் வரை போகும். தண்டைத் தாங்குவதும், அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் ஆயில்தான்.

ஆபத்து எங்கே?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு சிமெண்டு மூட்டையோடு ஏறும்போது என்ஜின் முழு பலத்தில் உழைக்கும். வண்டி மெதுவாகப் போவதால் முன்பக்கக் காற்று குறைவு. ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 130-ஐத் தாண்டி ரொம்ப நேரம் ஓடினால் நீர்த்துப்போய் சீக்கிரம் கெட்டுவிடும். டர்போ போனால் பல நாள் வாடகை அதிலேயே போயிடும். எங்கள் வீட்டில் பிக்கப் ஓடினால்தான் அடுப்பு எரியும். அதனால்தான் அப்பாவையும் மெக்கானிக் அண்ணனையும் கேட்டுக் கேட்டு இதை எழுதுகிறேன்.

குறைந்த செலவில் கூலர்

1. சில வண்டிகளில் கம்பெனியே கூலர் வைத்திருக்கும். முதலில் அதையும் ரேடியேட்டரையும் சுத்தம் செய்து பார்க்கணும்.

2. பழைய இரும்புக் கடையில் கூலர் வாங்கலாம். ஆனால் என்ஜின் ஜாம் ஆன வண்டியின் கூலர் வேண்டாம். உள்ளே இரும்புத் தூள் தங்கியிருக்கும். பைக் கூலரும் போதாது, அது கொஞ்ச ஆயிலுக்காகச் செய்தது.

3. ஆயில் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இரண்டு வாய் உள்ள ஒரு தட்டு வைத்து, அங்கிருந்து கூலருக்கு ஹோஸ் போடணும். தெர்மோஸ்டாட் உள்ள தட்டு நல்லது. காலையில் ஆயில் சூடாகும் வரை அது கூலர் வழியை அடைத்து வைக்கும்.

4. ஹோஸில் மட்டும் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது! தண்ணீர்க் குழாய் அழுத்தத்தில் வெடிக்கும். சூடான டர்போ மேல் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். டிராக்டர், ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ணும் கடையில், ஆயில் சூட்டைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கணும்.

5. டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் குழாயில் கூலரை இணைக்கவே கூடாது. அதில் ஆயில் தானாக வடிகிறது, தள்ளிவிட அழுத்தம் கிடையாது. அடைத்துக்கொள்ளும்.

6. மாட்டிய பிறகு என்ஜினை ஓட விட்டு, கசிவு பார்த்து, நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து ஆயில் அளவு பார்க்கணும். கூலருக்குள் போன அளவு ஆயில் குறைந்திருக்கும், அதை ஊற்றணும்.

காசே இல்லாத வழி

மலை ஏறி வந்ததும் உடனே ஆஃப் பண்ணினால் ஆயில் பம்பும் நின்றுவிடும். சூடான தண்டில் தேங்கிய ஆயில் அங்கேயே கருகி கரியாகும். ஒன்றிரண்டு நிமிடம் வண்டியை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால், ஆயிலே சூட்டை எடுத்துப் போய்விடும். கூலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வேணும்.

உங்கள் வீட்டிலும் டர்போ வண்டி இருந்தால், சாவியைத் திருப்பும் முன் நூறு வரை எண்ணச் சொல்லுங்கள். நூறு எண்ண காசு தேவையில்லை!



— 9-ஆம் வகுப்பு மாணவி, நைனார்பாளையம்