கைத்திறனும் சொல்திறனும்

முனிர்காவில் குடியிருந்து ஓக்லாவிலுள்ள தொழிற்சாலைக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலும் பழுதை அறிந்துகொள்வார். ஆயினும் அதனை மேற்பார்வையாளரிடம் இந்தியில் எடுத்துரைக்கக் கூசுவார். பழுது முற்றும், வேலை தடைப்படும், பழி அவர்மேல் விழும்.

எடுத்துரைக்கும் திறனைப் பயிற்சியால் பெறலாமா? பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஐந்தில் 2013-ஆம் ஆண்டு இதனைச் சோதிக்கத் தொடங்கினர். விரும்பி முன்வந்த பெண் தொழிலாளருள் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, பேசும் முறை, நேரத்தை வகுத்தல், சிக்கலைத் தீர்த்தல் முதலியவற்றில் ஏறத்தாழ 80 மணி நேரம் பயிற்றுவித்தனர். அத்வர்யு, கலா, நியஷதம் என்னும் பொருளாதார அறிஞர் மூவர் இதன் முடிவை 2023-இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்றோரின் உற்பத்தித் திறன் மற்றவரினும் 13.5 சதவீதம் உயர்ந்திருந்தது. கடினமான வேலைகளும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஊதியமோ அரை சதவீதமே கூடிற்று!

காரணம் யாது? தைத்த ஆடையை எண்ணலாம். சக தொழிலாளரோடு இணங்கி வேலையை நடத்திய நிதானத்தை எண்ண இயலாது. வேறு ஆலையினர் அதனைக் காண்பதில்லை. ஆதலின் கூடுதல் ஊதியம் தந்து அழைப்பதும் அரிது.

ஆகவே, நேயர்களே, தொழிலுக்கு வேண்டிய இந்திச் சொற்களைக் கூச்சமின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டவுடன் கூறுங்கள். பெற்ற பயிற்சிக்குச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். புதிய பொறுப்பை ஏற்கும் அன்றே அதற்குரிய ஊதியத்தைப் பணிவாகவும் தெளிவாகவும் கேளுங்கள். அவ்வாறு கேட்பதும் இத்திறனைச் சார்ந்ததே.