கணக்கைத் திருத்தினால் சொல்ல வேண்டாமா?

தென் கொரியாவில் 2003-ஆம் வருஷத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஆடிவரும் 'மேப்பிள்ஸ்டோரி' என்ற கணினி விளையாட்டை நடத்தும் நெக்ஸான் நிறுவனம், 2021 பிப்ரவரி 18-ஆம் தேதி, வழக்கம்போல ஒரு புதுப்பிப்புக் குறிப்பை வெளியிட்டது. ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் கிடைக்கக்கூடிய கூடுதல் குணங்கள் யாவும் இனிச் சம வாய்ப்பில் கிடைக்கும்படி திருத்தப்படுகின்றன என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. நல்ல செய்தி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இத்தனை வருஷங்களாகப் பணத்தையும் இரவுகளையும் அந்த விளையாட்டில் செலவிட்டவர்கள் அதைப் படித்ததும் கேட்ட கேள்வி வேறு: இனிமேல்தான் சமம் என்றால், இதுவரை என்னவாக இருந்தது? சில நாட்களுக்குள், நிறுவனத்தின் அலுவலகத்துக்கு முன்னால், கண்டன வாசகங்கள் ஓடும் மின்திரைகளைச் சுமந்த லாரிகள் வந்து நின்றன.

புதுப்பிப்புக் குறிப்பு என்பது இன்னதென்று சற்று விளக்கிவிடுவது நல்லது. இக்காலத்து விளையாட்டு, அச்சிட்டு முடிந்த புத்தகத்தைப் போன்றதல்ல. விற்றபின்னும் அதை ஆக்கியவர்களின் கை அதன்மேல் இருந்துகொண்டே இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ 'அப்டேட்' இறங்குகிறது; ஒரு வாளின் பலம் குறைகிறது, ஓர் அரக்கனின் ஆயுள் கூடுகிறது, பழைய பிழையொன்று மறைந்து புதிய பிழையொன்று பிறக்கிறது. இவற்றைப் பட்டியலிட்டுச் சொல்வதுதான் 'பேட்ச் நோட்ஸ்' என்று விளையாடுவோர் வழங்கும் குறிப்பு. சிலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சிலர் 'பிழைகள் திருத்தப்பட்டன, செயல்பாடு மேம்படுத்தப்பட்டது' என்ற ஒரே வரியை ஒவ்வொரு முறையும் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படிப் போவது நியாயமா என்பதே விஷயம்.

மறுபடி மேப்பிள்ஸ்டோரிக்கு வருவோம். அதில் 'கியூப்' என்று ஒரு பொருள் விற்கப்பட்டது. 2010 மே மாதம் விற்பனைக்கு வந்த அது, ஆயுதம் ஒன்றின் மறைந்த குணங்களை அழித்துவிட்டு மூன்று புதிய குணங்களைக் குலுக்கிப் போட்டுத் தந்தது; சிவப்பு கியூப் ஒன்றின் விலை 1,200 கொரிய வொன்னாகவும், கறுப்பு கியூப் ஒன்றின் விலை 2,200 வொன்னாகவும் இருந்தது. வாங்கியவர் பொத்தானை அழுத்துகிறார். மூன்று வரிகள் தோன்றுகின்றன. வேண்டியது வரவில்லையென்றால் இன்னொன்று வாங்கி மறுபடியும் அழுத்துகிறார். பெரிய அரக்கர்களை வீழ்த்தும் பலம் மூன்று வரிகளிலும் சேர்ந்து வருவதே பலருடைய கனவாக இருந்தது. கொரிய மொழியில் அதற்குச் செல்லமாக 'போ போ போ' என்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள். எதிர்ப்பு வலுத்தபின், 2021 மார்ச் 5-ஆம் தேதி நிறுவனம் வாய்ப்புக் கணக்கை வெளியிட்டபோது, அந்த மூன்றும் சேர்ந்து வரவே முடியாதபடி விளையாட்டு அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நூறு முறை அழுத்தியவருக்கும் ஆயிரம் முறை அழுத்தியவருக்கும் கிடைக்கக்கூடிய வாய்ப்பு ஒன்றேதான்: பூஜ்யம்.

பிறகு விசாரணை நடத்திய கொரிய நியாய வர்த்தக ஆணையம், 2024 ஜனவரியில் தன் முடிவை அறிவித்தது. ஆரம்பத்தில் சமமாக இருந்த வாய்ப்புகள், 2010 செப்டம்பரிலேயே, ஜனங்கள் அதிகம் விரும்பும் குணங்கள் குறைவாக வரும்படி, அறிவிப்பின்றி மாற்றப்பட்டன. 2011 ஆகஸ்டில் சில சேர்க்கைகளின் வாய்ப்பு அடியோடு நீக்கப்பட்டது. அப்போது வெளியிட்ட அறிவிப்பில் கியூபின் செயலில் மாற்றம் ஏதுமில்லை என்றே சொல்லப்பட்டது. கறுப்பு கியூபில் ஆயுதத்தின் தரம் உயரும் வாய்ப்பும் 1.8 சதவீதத்திலிருந்து படிப்படியாக 1 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. இவையே ஆணையத்தின் கண்டுபிடிப்புகள். விதித்த அபராதம் சுமார் 1,164 கோடி வொன். அந்த நாட்களில் வாய்ப்புகளை வெளியிட வேண்டுமென்ற சட்டமே இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். சட்டம் இல்லாதிருந்தது மெய்தான். ஆனால் படிக்கல்லை மாற்றிய கடைக்காரர், கல்லின் எடையை எழுதி வைக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லையே என்று சொன்னால், தெருவில் யார் அதை ஒப்புக்கொள்வார்கள்? மாற்றியதைச் சொல்லாதிருப்பது ஒரு குற்றம். மாற்றவில்லை என்று எழுதுவது அதைவிடப் பெரிய குற்றம்.

இனி, விரிவான குறிப்பு வேண்டாம் என்பவர்களின் அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதமே. கள்ள ஆட்டம் ஆடுபவரைப் பிடிக்கும் முறையை விவரித்து எழுதினால் அது அவருக்கே பாடம் சொல்லிக் கொடுப்பதாகும். கதைக்குள் ஒளித்து வைத்த ரகசிய அறையைக் குறிப்பில் காட்டிவிட்டால், தேடிக் கண்டுபிடிக்கும் ஆனந்தம் போய்விடும். இவற்றை மறைக்கட்டும். ஆனால் நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. ரயில்வே கால அட்டவணையை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பவர் எவருமில்லை. தம் ஊருக்கு எந்த வண்டி எப்போது வரும் என்று பார்ப்பவர்கள் அநேகர். தம் வாளின் பெயரைத் தேடி வருபவருக்கு அந்த ஒரு வரி போதும், அது அங்கே இருந்தால்.

எண்ணைக் குறைத்தோம் என்று எழுதினால் ஜனங்கள் கோபிப்பார்கள் என்ற பயமே, வெளியில் சொல்லப்படாத உண்மைக் காரணம் என்று நினைக்கிறேன். 2017 நவம்பரில் அமெரிக்காவின் பங்கி நிறுவனம் நடத்திய 'டெஸ்டினி 2' விளையாட்டில், திரையில் காட்டிய அனுபவப் புள்ளிகளுக்கும் உண்மையில் வரவு வைத்த புள்ளிகளுக்கும் வித்தியாசம் இருப்பதை, விளையாடுவோர் தாமே அளந்து கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டு அந்த ஏற்பாட்டை நீக்கியது. ஆனால் அதே வேளையில், ஒரு நிலை உயரத் தேவையான புள்ளிகளை 80,000-லிருந்து 1,60,000-ஆக, சொல்லாமலே இரட்டிப்பாக்கியது. அதையும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். சொல்லியிருந்தால் ஒரு கோபத்தோடு போயிருக்கும்; சொல்லாததால் கோபம் அவநம்பிக்கையாக மாறி, அடுத்து வந்த நல்ல திருத்தங்களின்மேலும் படிந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் பல்லாண்டுகளாக ஆக்கிவரும் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற விளையாட்டில், 2015 டிசம்பரில் மதுச்சாலைகள் சேர்க்கப்பட்ட பிறகு, பூனைகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. விளையாடுவோர் முறையிட, டார்ன் ஆடம்ஸ் ஆராய்ந்து காரணத்தைக் கண்டார்: தரையில் சிந்திய மது நடமாடும் பூனைகளின் பாதங்களில் ஒட்டுகிறது; பூனை தன் வழக்கப்படி பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது; அப்படி ஒருமுறை நக்கியதை, நிரல் ஒரு முழுக் கோப்பை மதுவாகக் கணக்கிட்டுவிடுகிறது; சிறிய உடல் தாங்கவில்லை. இந்தக் காரணத்தை அவர் ஒளிக்காமல் விளக்கினார். பிழை எப்படிப் பிறந்தது என்று அறிந்தவர்களுக்கு, அதை ஆக்கியவர்மேல் கோபத்துக்குப் பதில் பிரியமே மிகுந்தது.

கொரியாவில் 2024 மார்ச் 22 முதல், குலுக்கலில் கிடைக்கும் பொருள்களின் வாய்ப்புகளை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. திருத்தும்படி இட்ட உத்தரவை மீறினால் சிறைத்தண்டனைக்கும் அதில் இடமுண்டு. அதே வருஷத்தில், நுகர்வோர் அமைப்பின் சமரசத்தை ஏற்று, சுமார் 8 லட்சம் பேருக்கு 2,190 கோடி வொன் அளவில் ஈடு தரவும் நெக்ஸான் இணங்கியது. ஆயினும் அந்தச் சட்டத்தின் கை வாய்ப்புகளோடு நின்றுவிடுகிறது. வாளின் பலமும் அரக்கனின் ஆயுளும் இன்னும் குறிப்பெழுதுபவரின் மனச்சாட்சியையே நம்பியிருக்கின்றன. அவரிடம் நாம் கேட்பது அதிகமில்லை: முன்பு இருந்த எண், இப்போதைய எண், மாற்றியதன் காரணம். 2021 பிப்ரவரிக் குறிப்பில் இனி எப்படி இருக்கும் என்பது இருந்தது. முன்பு எப்படி இருந்தது என்பது இல்லை. அப்படி விடுபடும் பாதியை, கியூப் விஷயத்தில் 2010 செப்டம்பரிலேயே எழுதியிருந்தால், 1,200 வொன்னைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், இன்னொரு கியூப் வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தாமே தீர்மானித்திருப்பார்.