எரிகிற பல்புக்கு ஓர் எச்சரிக்கை

திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் திருவெள்ளறைப் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க அம்பாசடரில் ஆள் ஏற்றிப் போன காலத்தில், டிரைவருக்குக் காதுதான் டேஷ்போர்டு. இண்டிகேட்டரைப் போட்டால் பிளாஷர் டிக் டிக் என்று அடிக்கும். பல்புக்குப் போகும் மின்சாரத்தின் சூட்டில்தான் அது இயங்கும். ஒரு பல்பு பியூஸ் போனால் சூடு குறைந்து தாளம் கெடும். சில வண்டிகளில் நின்றே போகும். நொச்சியத்தில் தாளம் தப்பினால் மண்ணச்சநல்லூரில் பல்பு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பிரேக் லைட்டுக்கு அந்தச் சத்தமும் கிடையாது. பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னால்தான் உண்டு.

2014-இல் மூன்று காரியம் நடந்தது. ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் அம்பாசடர். அக்டோபரில் நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு இயற்பியல் நோபல் அறிவித்தார்கள். அந்த நீலம் இல்லாமல் இன்றைய வெள்ளை எல்.இ.டி. இல்லை.

இப்போது அதே சாலையில் போகும் பல கார்களில், பல்பைக் கண்காணிக்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, மின்சாரத்தை. பழைய இண்டிகேட்டர் பல்பு 21 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர். அந்த இடத்தில் மூன்று நான்கு வாட் எல்.இ.டி.யைச் செருகினால், பல்பு பளிச்சென்று எரியும்போதே டேஷ்போர்டில் 'பல்பு போச்சு' என்று மஞ்சள் விளக்கு வந்துவிடும். இண்டிகேட்டரும் இரட்டை வேகத்தில் துடிக்கும்.

சில கார்கள் இன்னும் சந்தேகப் பிராணிகள். கோயில் வாசலில் அந்தி நேரத்தில் சாவியைத் திருப்பினால், சுவிட்சைத் தொடாமலே பார்க் லைட் மினுக் மினுக்கென்கும். பல்பு இருக்கிறதா என்று கார் நொடிக்கும் குறைவாக மின்சாரம் அனுப்பிப் பார்க்கிறது. பழைய இழை அதற்குள் சூடேறாது; எல்.இ.டி. உடனே எரிந்துவிடும்.

அந்த மஞ்சள் விளக்கை அடக்க ஒயரிங்காரர்கள் கை வைப்பது லோடு ரெசிஸ்டரில். தங்க நிற அலுமினிய உறை, 6 ஓம், 50 வாட். எல்.இ.டி.க்கு இணையாகக் கோத்தால் இரண்டு ஆம்பியர் இழுத்து, கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்தும். எரியும் நேரமெல்லாம் 24 வாட் வெறும் சூடாகப் போகும். மிச்சம் பிடித்தது அதற்கும் குறைவு என்பதுதான் வேடிக்கை! இண்டிகேட்டரில் விட்டு விட்டு எரிவதால் பரவாயில்லை. பிரேக் லைட்டில் சிக்னலில் மிதித்தபடி நின்றால் தொட முடியாது. உடல் தகட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டியதை, அவசரத்தில் டேக் போட்டு ஒயர்க்கட்டோடு கட்டிவிடுகிறார்கள். பக்கத்து பிளாஸ்டிக் இளகிவிடும்.

கேன்பஸ் பல்பு என்று விற்பவை பலவற்றில் இப்படி ஒரு ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும். அந்தச் சூடு எல்.இ.டி.யின் ஆயுளைத் தின்னும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வகையறாவில் லேப்டாப்பைச் செருகி, கோடிங்கில் இந்தச் சோதனையையே நிறுத்தலாம். சுத்தமான வேலைதான். ஆனால் அதன் பிறகு பல்பு நிஜமாகவே போனாலும் கார் வாய் திறக்காது.

மாருதி 800 வைத்திருப்பவர் பாடு தேவலை. பழைய பிளாஷரைக் கழற்றி, எல்.இ.டி.க்கென்று வரும் எலெக்ட்ரானிக் பிளாஷரைச் செருகினால் முடிந்தது. எத்தனை வாட் என்று அது கேட்பதில்லை. முன் பல்பு போனாலும் அதே தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.