பொய் எது?

பொய் சொல்லலாகாது என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின், பொய் என்பது யாது என வினவினால் விடை அத்துணை எளிதன்று. உண்மைக்கு மாறானதைச் சொல்லுதலே பொய் என்பர் பலர். ரயில் போய்விட்டதென நம்பி ஒருவன் நம்மிடம் சொல்கிறான். ரயிலோ நிலையத்தில் நிற்கிறது. அவன் கூற்றில் பிழை உண்டு, பொய் இல்லை.

சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவனின் கூற்று தவறாயிருந்தால் மட்டும் போதாது. அவன் அதைப் பொய்யென அறிந்தோ நம்பியோ இருத்தல் வேண்டும், அல்லது மெய்யென நம்பாதிருத்தல் வேண்டும் என்றது, 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 191-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்நெறியையே மேற்கொண்டது.

இனி, சொல் மெய்யாயிருந்தும் கேட்பவர் ஏமாறினால் அதை என்னென்பது?

சித்தூர் மாவட்டத்துக் குப்பம், ஆந்திரமும் தமிழகமும் கர்நாடகமும் சந்திக்கும் எல்லையில் உள்ள ஊர். திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இல் அமைந்தது இங்கேதான். இங்கு வழங்கும் மொழிகளில் 'அவசரம்' என்னும் சொல்லைப் பாருங்கள். தமிழிலும் கன்னடத்திலும் அது விரைவு; தெலுங்கிலோ தேவை. கடன் கொடுத்தவர் ஒருவர் தெலுங்கில், தமக்குப் பணம் 'அவசரம்' என்று சொல்வதாகக் கொள்வோம். தமிழரான கடனாளி இன்றே கேட்கிறார் போலும் எனப் பதறி, வந்த விலைக்கு ஆட்டை விற்றுவிடுகிறார். சொன்னவர் இதனை எதிர்பாராதிருந்தால் இது மொழிமயக்கம், வேறொன்றுமன்று. இவர் இப்படித்தான் பொருள் கொள்வார் என்று அறிந்தே சொல்லியிருந்தால்? சொல் மெய்; செயல் வஞ்சனை.

பாரதக் கதை இதற்குத் தீர்ப்புக் கூறியிருக்கிறது. அசுவத்தாமன் என்னும் யானை மாண்டது மெய்யே. துரோணர் தம் மகனென்று கொள்ளுமாறு தருமர் அதைச் சொன்னார். அதுவரை நிலம் தொடாது சென்ற அவர் தேர் மண்ணில் இறங்கிற்று என்கிறது இதிகாசம்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்தில், பிறர்க்குத் தீங்கில்லாத சொல்லையே வாய்மை என்றார். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்ம்மைக்கும் அவ்விடத்தை அளித்தார். ஆனால் அடுத்த குறளிலேயே, நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்நெஞ்சே சுடும் என எச்சரித்தார். நன்மை என்னும் பெயரால் நம் வசதியைத் தேடிக்கொள்ள அவர் இடந்தரவில்லை.

ஆகவே, 'நான் சொன்னது மெய்தானே?' என்று கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது. 'அவர் என்ன பொருள் கொள்ள வேண்டுமென்று சொன்னேன்?' என்றும் கேட்க வேண்டும். அதற்கு விடை கூறத்தக்க சாட்சி நம் நெஞ்சம் ஒன்றே.