சொந்தத் தாளமும் அயல் தாளமும்

அந்தமானில் வளரும் நம் குழந்தைகள் கோயில் தவிலையும் கேட்கின்றனர். துர்க்கா பூஜையில் வங்காளியரின் டாக் முழக்கத்தையும் கேட்கின்றனர். அயல் தாளம் பழகினால் சொந்தத் தாளம் கலைந்துவிடும் எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை.

கடம் விநாயக்ராம், தந்தை ஹரிஹர சர்மாவிடம் பயின்ற பயிற்சியைக் கொண்டே 1975இல் 'சக்தி' குழுவில் கித்தாருடனும் தபலாவுடனும் இணைந்து வாசித்தார். 1991இல் வெளிவந்து கிராமி பரிசு பெற்ற 'பிளானட் டிரம்' இசைத்தட்டிலும் அவர் வாசிப்பு ஒலிக்கிறது.

முதற்படி வாய்ப்பயிற்சியே. கையில் ஆதி தாளம் போட்டு, 'தகதிமி' என 4, 'தகிட' என 3, 'தகதகிட' என 5 அட்சரங்களைக் காலம் பிசகாது சொல்லப் பழக்குவோம். பின்னர் தபலாவின் தீன்தாளைக் கேட்கட்டும். அதன் 16 மாத்திரையும் எண்ணிக்கையில் அடங்கும். அழுத்தம் விழும் இடமோ வேறு. அதைச் செவியே கற்பிக்கும்.

தன் கணக்கில் உறுதி பெற்ற பிள்ளையை டாக் முழக்கத்தின் அருகே நாம் துணிந்து அமர்த்தலாம்.